இமாச்சலப் பிரதேசம்: மறுபடி மறுபடி கேட்கப்படும் கேள்விகள்

குல்லு பள்ளத்தாக்கில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் பெரியப்பாவில் தொடங்கி பக்கத்து வீட்டு அக்கா வரை எல்லோரும் அதே கேள்விகளைத்தான் கேட்பார்கள். திரும்பி வந்து இத்தனை நாளாகியும் அது நின்றபாடில்லை. சுற்றுலா கிளம்புகிறவர்கள் இப்போது போனில் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே வைத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இமாச்சலைப் பற்றி யார் எது கேட்டாலும், "எவ்வளவு உயரத்தில்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். அங்கே மழை, பயிர், வீடு, சாப்பாடு எல்லாம் உயரத்தைப் பொறுத்துத்தான் மாறும்.

"இமயமலைன்னா காஷ்மீர்தானே? இமாச்சல் எங்கே வருது?"

காஷ்மீருக்குத் தெற்கே, உத்தராகண்டுக்கு வடமேற்கே. மேற்கில் பஞ்சாப், தெற்கில் ஹரியானா, வடக்கில் லடாக், கிழக்கில் திபெத். பரப்பு 55,673 சதுர கிலோமீட்டர், 12 மாவட்டங்கள். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 68.6 லட்சம். அதில் பத்துக்கு ஒன்பது பேர் கிராமத்துக்காரர்கள். சிம்லாவையும் மணாலியையும் மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பார்த்தது மிச்சமுள்ள அந்த ஒருவரைத்தான்.

சட்லஜ், பியாஸ், ராவி, செனாப், யமுனை என்ற ஐந்து ஆறுகள் இந்த மாநிலத்தைத் தொட்டுப் போகின்றன. பியாஸ் ரோதாங் கணவாய்ப் பக்கம் பிறக்கிறது. சட்லஜ் திபெத்தில் பிறந்து, ஷிப்கி லா வழியாகக் கின்னௌருக்குள் நுழைகிறது. சந்திரா, பாகா என்ற இரண்டு ஆறுகள் லாஹௌலில் தாண்டி என்ற இடத்தில் சேர்ந்த பிறகுதான் செனாப் ஆகிறது.

"எப்போ போனாலும் பனி பார்க்கலாமா?"

முடியாது. மே மாதம் ஊனா நகரத்தில் இறங்கினால் 40 டிகிரிக்கு மேல் வெயில் கொளுத்தும். அதுவும் இமாச்சல்தான். மாநிலத்தின் தாழ்ந்த இடங்கள் கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. உச்சியில் இருக்கும் ரியோ புர்கியில் என்ற சிகரத்தின் உயரம் 6,816 மீட்டர். தெற்கிலிருந்து வடக்கே போகப் போக சிவாலிக் குன்றுகள், தௌலாதார், பீர் பஞ்சால், பெரிய இமயம் என்று ஒன்றன்பின் ஒன்றாக மதில் மாதிரி எழும்பும்.

சுமார் 2,200 மீட்டரில் இருக்கும் சிம்லாவில் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் சில நாட்கள் பனி விழலாம், விழாமலும் போகலாம். குளிர்காலப் பனியைக் கொண்டுவருவது பருவமழை மேகமில்லை. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய காற்றழுத்தங்கள்தான் அதைக் கொண்டுவருகின்றன. பருவமழையின் கதை வேறு. தெற்கிலிருந்து வரும் மேகம் தௌலாதாரில் முட்டி அப்படியே கொட்டிவிடும். அதனால்தான் தர்மசாலாவில் அத்தனை மழை. அந்த மதிலுக்கும் அடுத்த மதிலுக்கும் பின்னால் இருக்கும் ஸ்பிதிக்கு ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது.

"அப்போ ஸ்பிதி பாலைவனமா? குளிர்ல எப்படிப் பாலைவனம்?"

மழை இல்லாத இடமெல்லாம் பாலைவனம்தான், வெயில் இருந்தாலும் குளிர் இருந்தாலும். ஸ்பிதியில் மரம் என்றால் ஆற்றோரத்தில் வில்லோவும் பாப்லரும் மட்டுமே. மலைகள் காவி, சாம்பல், ஊதா நிறங்களில் மொட்டையாக நிற்கும். லாஹௌல்-ஸ்பிதி மாவட்டத்தின் பரப்பு 13,841 சதுர கிலோமீட்டர், மாநிலத்தில் நான்கில் ஒரு பங்கு. 2011இல் அங்கே இருந்தவர்கள் 31,564 பேர். சதுர கிலோமீட்டருக்கு இரண்டு பேர் என்று வருகிறது.

மழையே வராது என்ற நம்பிக்கையில் கட்டிய தட்டைக் கூரை மண் வீடுகள் அங்கே. மொட்டை மாடியில் விறகும் வைக்கோலும் காய்ந்துகொண்டிருக்கும். உருகி வரும் பனித் தண்ணீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து பார்லியும் பட்டாணியும் போடுகிறார்கள். அந்தப் பட்டாணியின் இனிப்பு தனி. கீழே பட்டாணி முடிந்துபோன காலத்தில் இது விளைவதால் நல்ல விலையும் கிடைக்கிறது. தாபோ என்ற ஊரில் கி.பி. 996இல் கட்டிய பௌத்த மடம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் மண் குட்டிச்சுவர்தான். உள்ளே போய்க் கண் இருட்டுக்குப் பழகியதும் சுவர் முழுக்க ஓவியங்கள் தெரிய ஆரம்பிக்கும். ஆயிரம் வருடம் அந்த மண்சுவரும் ஓவியமும் தாங்கியதற்கு வறண்ட காற்றும் ஒரு காரணம். இப்போது சில வருடங்கள் அங்கேயும் திடீர் மழை பெய்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுவர்களின் ஞாபகம்தான் வரும்.

"அடல் சுரங்கப்பாதை வந்ததுல அப்படி என்ன பெரிய விஷயம்?"

சுற்றுலாப் பயணிக்கு ஓரிரு மணி நேரம் மிச்சம். லாஹௌல்காரருக்கு ஆறு மாத வாழ்க்கை. முன்பு 3,978 மீட்டர் உயர ரோதாங் கணவாய்தான் ஒரே வழி. நவம்பரில் பனி மூடினால் மறுபடி திறக்க ஏப்ரல், மே ஆகிவிடும். பிரசவமோ நெஞ்சுவலியோ, அரசு ஹெலிகாப்டருக்குக் காத்திருக்க வேண்டும். வானம் மூடியிருந்தால் அதுவும் வராது. 2020 அக்டோபர் 3 அன்று 9.02 கிலோமீட்டர் சுரங்கம் திறந்த பிறகு, மணாலியிலிருந்து லாஹௌலுக்குக் குளிர்காலத்திலும் பெரும்பாலான நாட்கள் வண்டி போகிறது.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இந்தச் சுரங்கம் லாஹௌலுக்குத்தான். அங்கிருந்து ஸ்பிதிக்குப் போக 4,500 மீட்டருக்கும் மேலே குன்சம் கணவாயைத் தாண்ட வேண்டும், அது குளிர்காலத்தில் மூடியே கிடக்கும். ஜனவரியில் ஸ்பிதி போகிறவர்கள் சிம்லா, கின்னௌர் வழியாகச் சுற்றித்தான் போக முடியும்.

"பஞ்சாப்ல இருந்து பிரிச்சு உண்டாக்கின மாநிலம்தானே?"

பாதி உண்மை. 1948 ஏப்ரல் 15 அன்று சுமார் 30 மலை சமஸ்தானங்களைச் சேர்த்து இமாச்சல் உருவானது. 1954இல் பிலாஸ்பூர் சேர்ந்தது. 1956இல் யூனியன் பிரதேசம். பஞ்சாபைப் பிரித்த 1966 நவம்பர் 1 அன்று காங்ரா, குல்லு, லாஹௌல்-ஸ்பிதி, சிம்லா ஆகிய மலைப்பகுதிகள் இதில் இணைந்தன. 1971 ஜனவரி 25 அன்று முழு மாநிலம், இந்தியாவின் 18ஆவது. அன்று சிம்லா ரிட்ஜ் மைதானத்தில் பனி கொட்டக் கொட்ட இந்திரா காந்தி அறிவித்ததைப் பார்த்தவர்கள் இன்னும் கதையாகச் சொல்வார்கள். முதல் முதல்வர் யஷ்வந்த் சிங் பர்மார். மலைக்காரர்களுக்கு மலைக்காரர்களின் அரசு வேண்டும் என்று அவர் விடாமல் வாதாடியிருக்காவிட்டால், இந்த நிலம் பஞ்சாபின் கோடைவாசஸ்தலமாகவே நின்றிருக்கும்.

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலில் முதலில் ஓட்டுப் போட்டவர் என்று தேர்தல் ஆணையம் கொண்டாடிய ஷியாம் சரண் நேகி கின்னௌரின் கல்பா ஊர்க்காரர், பள்ளி ஆசிரியர். நாட்டின் பெரும்பகுதி 1952 தொடக்கத்தில் ஓட்டுப் போட்டது. பனி விழுந்தால் வாக்குச்சாவடிக்குப் போக முடியாது என்பதால் அங்கே மட்டும் 1951 அக்டோபரிலேயே நடத்திவிட்டார்கள். தேர்தல் தேதியையே அங்கே உயரம் மாற்றிவைத்திருக்கிறது.

"தலைநகர் சிம்லாவா தர்மசாலாவா?"

சிம்லாதான். 1864 முதல் பிரிட்டிஷ் இந்தியாவின் கோடைத் தலைநகராகவும் இருந்த ஊர். தர்மசாலாவை 2017இல் இரண்டாவது தலைநகர் என்று அறிவித்தார்கள். சட்டமன்றத்தின் குளிர்காலக் கூட்டத்தொடர் அங்கே நடக்கும். அந்த ஊரின் மேல்பகுதியான மெக்லியோட் கஞ்சில் 1960 முதல் தலாய் லாமா இருக்கிறார். திபெத்திய நாடுகடந்த நிர்வாகமும் தர்மசாலாவில்தான்.

"இந்தி தெரிஞ்சா போதுமா? அவங்க பேசுறது இந்திதானே?"

கடை, பஸ், ஹோட்டல் எல்லாவற்றுக்கும் இந்தி போதும். வீட்டுக்குள் பேசுவது வேறு. காங்ரி, மண்டியாலி, குல்லுவி, சம்பியாலி, சிர்மௌரி என்று பள்ளத்தாக்குக்கு ஒரு மொழி. பொதுவாக எல்லாவற்றையும் பஹாடி என்பார்கள். முன்பு இவற்றை டாக்ரி என்ற எழுத்தில் எழுதினார்கள். இன்று அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். கணக்கெடுப்பில் பெரும்பாலும் இந்தி என்றே பதிவாவதால், பஹாடியைப் பேசுகிறவர்கள் எத்தனை பேர் என்பதே மறைந்துபோகிறது. தன் மொழியைத் தன் மொழி என்று பதிவு செய்ய முடியாத நிலை எனக்கு வருத்தம் தருகிற விஷயம்.

கின்னௌரியும், ஸ்பிதியில் பேசும் 'போட்டி' என்ற மொழியும் திபெத்திய-பர்மிய குடும்பம். மலாணா என்ற ஒரே கிராமத்தில் மட்டும் பேசும் கனாஷியும் அந்தக் குடும்பம்தான், ஆனால் அதைச் சுற்றியுள்ள கிராமங்கள் எல்லாம் பேசுவது குல்லுவி. 2019இல் சமஸ்கிருதம் இரண்டாவது ஆட்சிமொழி ஆனது. பஹாடிக்கு அந்த இடம் இன்னும் கிடைக்கவில்லை.

"எதுவா இருந்தாலும் சாமிகிட்ட கேட்டுட்டுத்தான் செய்வாங்களாமே?"

குல்லு, மண்டி, சிம்லா மேல்மலைக் கிராமங்களில் ஆமாம். நம் ஊர்க் குலதெய்வத்தை நினைத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் புரியும். ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு தேவதா. அந்தச் சாமிக்கு நிலம், பண்டகசாலை, நிர்வாகி எல்லாம் உண்டு. நிர்வாகிக்கு கார்தார் என்று பெயர். சாமி வந்து பேசுகிறவர் கூர், அதாவது நம் சாமியாடி. மழை வருமா, விதைப்பு எப்போது, இரண்டு குடும்பத்துத் தகராறில் யார் பக்கம் நியாயம் என்று கூரிடம் கேட்பார்கள்.

சாமி ஊர்வலம் போவது தோளில் தூக்கும் ரதத்தில். ரதத்தைச் சுற்றிலும் வெள்ளி, தங்க முகங்கள் பதித்திருக்கும். நான் முதன்முதலில் பார்த்தது ஒரு ஒற்றையடிப் பாதையில். எதிரே வந்த ரதம் நாலடி தூரத்தில் சட்டென்று நின்று, ஒரு பக்கம் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தது. தூக்கியிருந்த இரண்டு பேரும் தாங்கள் ஆட்டவில்லை, சாமிதான் ஆடுகிறது என்றார்கள். இருவர் நெற்றியிலும் வியர்வை வழிந்தது. பின்னால் கரனாய் என்ற நீண்ட பித்தளை ஊதுகுழல் அலறியது. பக்கத்து வீட்டுப் பாட்டி என் தோளைத் தொட்டு செருப்பைக் கழற்றச் சொன்னார், கழற்றிவிட்டு நின்றேன்.

"ஊரெல்லாம் தசரா முடியுற அன்னைக்குக் குல்லுல ஏன் ஆரம்பிக்குது?"

விஜயதசமி அன்று தொடங்கி ஏழு நாள் நடக்கும். 17ஆம் நூற்றாண்டில் குல்லுவை ஆண்ட ஜகத் சிங் ஒரு பிராமணக் குடும்பத்தின் சாவுக்குக் காரணமாகி, அந்தப் பாவம் தீர அயோத்தியிலிருந்து ரகுநாதர் சிலையைக் கொண்டுவந்து, ராஜ்ஜியத்தையே அதன் காலடியில் வைத்தார் என்பது அங்கே சொல்லும் வரலாறு. அதனால் சுற்றுக் கிராம தேவதைகள் எல்லோரும் வருடத்துக்கு ஒருமுறை ரகுநாதரைப் பார்க்க வருகிறார்கள். 200, 300 சாமிகள் ரதத்தில் நடந்தே மலை இறங்கி தால்பூர் மைதானத்தில் கூடாரம் போட்டுத் தங்குவார்கள்.

இங்கே ராவணன் பொம்மையை எரிப்பதில்லை. கடைசி நாள் பியாஸ் கரையில் புதர்களுக்குத் தீ வைப்பதுதான் இலங்கா தகனம். இன்னொன்று, மணாலியிலிருந்து ஹிடிம்பா தேவி வராமல் விழா தொடங்காது. நம் பாரதக் கதையில் பீமனை மணக்கும் இடும்பிதான் அவர். நாம் அரக்கி என்று சொல்லிக் கடந்துபோன பெண்ணை அங்கே அரச குடும்பத்துப் பாட்டியாக வைத்துக் கும்பிடுகிறார்கள். மணாலி தேவதாருக் காட்டுக்குள் இருக்கும் அவருடைய மரக்கோயில் 1553இல் கட்டியது.

"மலைச்சரிவுல வீடு கட்டினா நிலநடுக்கத்துல விழாதா?"

பழைய வீடு அவ்வளவு சுலபமாக விழாது. கட்குனி என்று ஒரு கட்டுமுறை. தேவதாரு உத்திரம் ஒரு வரிசை, சுண்ணாம்போ சிமென்ட்டோ இல்லாமல் அடுக்கிய கல் ஒரு வரிசை என்று மாற்றி மாற்றிச் சுவர் எழுப்புவார்கள். மூலையில் மரங்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். நிலம் ஆடினால் சுவர் கொஞ்சம் அசைந்து கொடுக்கும், பிளக்காது. கீழ்த்தளத்தில் மாடு, மேல்தளத்தில் மனிதர்கள், மாட்டின் சூடு மேலே வரும். கூரைக்குக் கனத்த ஸ்லேட் கல்.

1905 ஏப்ரல் 4 அன்று காங்ராவில் வந்த நிலநடுக்கத்தில் சுமார் 20,000 பேர் இறந்தார்கள். காங்ரா கோட்டையும் வஜ்ரேஸ்வரி கோயிலும் இடிந்தன. குல்லு பள்ளத்தாக்கில் கட்குனி முறையில் கட்டிய நக்கர் அரண்மனை நின்றது. இன்று தேவதாரு வெட்டக் கட்டுப்பாடு, மரம் விலை அதிகம், கொத்தனார்களும் குறைந்துவிட்டார்கள். அதே சரிவில் ஐந்து மாடி கான்கிரீட் எழும்புகிறது. அதன் விளைவை நிலச்சரிவு பற்றிய கேள்வியில் பார்ப்போம்.

"சாப்பாடு என்ன? ரொட்டியும் உருளைக்கிழங்கும்தானா?"

ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் அந்த எண்ணம் போய்விடும். அந்த விருந்துக்கு தாம் என்று பெயர். சமைக்கிறவர்கள் போட்டி எனப்படும் பரம்பரைச் சமையல்காரர்கள். நீளமாகக் குழி வெட்டி, விறகு போட்டு, கழுத்து குறுகிய பெரிய பித்தளைப் பானைகளில் முதல் நாள் இரவே வேலையை ஆரம்பிப்பார்கள். தரையில் வரிசையாக உட்கார்ந்து, தைத்த இலையில் சாப்பிட வேண்டும். சோறு நடுவே, அதன் மேல் ஒவ்வொன்றாக ஊற்றிக்கொண்டு போவார்கள். காங்ராப் பக்கம் தயிரில் வேகவைத்த கொண்டைக்கடலை மத்ரா, பருப்புகள், புளிப்பான கட்டா, கடைசியில் இனிப்பு. மண்டி மாவட்டத்தில் இனிப்பு பூந்திதான் முதலில் வரும், கூடவே உளுந்து வடையைக் குழம்பில் போட்ட சேப்பு படி. காங்ரா தாமில் வெங்காயம், பூண்டு கிடையாது. எழுந்திருக்கும் முன் வரிசை முழுவதும் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்ற மரியாதையும் நம் பந்தி மாதிரியேதான்.

குளிர்நாட்களில் வீட்டில் செய்வது சித்து. கோதுமை மாவைப் புளிக்கவைத்து, உள்ளே உளுந்து மசாலாவோ வால்நட்டும் கசகசாவுமோ வைத்து ஆவியில் வேகவைப்பார்கள். பிட்டவுடன் நெய்யை நிறைய ஊற்றிச் சாப்பிட வேண்டும். நெய் குறைத்தால் கொடுத்தவர் முகம் வாடிவிடும்.

"ஆப்பிள் ஆதிகாலத்துல இருந்தே அந்த ஊர்ப் பழம்தானே?"

நூறு, நூற்றைம்பது வருடத்துக் கதைதான். 1870களில் குல்லுவில் வெள்ளைக்காரர்கள் தோட்டம் போட்டார்கள், அந்தப் பழம் பெரும்பாலும் புளிப்பு. 1904இல் தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்ய வந்த அமெரிக்க இளைஞர் சாமுவேல் ஸ்டோக்ஸ், சிம்லாவுக்கு அப்பால் கோட்கட்டில் தங்கி, உள்ளூர்ப் பெண்ணை மணந்து, 1916 வாக்கில் அமெரிக்காவிலிருந்து இனிப்பான ரெட் டெலிஷியஸ் நாற்றுகளைக் கொண்டுவந்து நட்டார். தானியம் போதாமல் திண்டாடிய சரிவு நிலங்களில் காசு முளைத்தது. மலைக்காரர்களைக் கூலியில்லாமல் சுமை தூக்கவைத்த பேகார் முறையை எதிர்த்துப் போராடியவரும் அவரே. 1921இல் சுதந்திரப் போராட்டத்துக்காகச் சிறை போனார். பின்னாளில் சத்யானந்த் ஸ்டோக்ஸ் ஆனார். இன்று மாநிலத்தில் 1 லட்சம் ஹெக்டேருக்கு மேல் ஆப்பிள்தான்.

"இங்கே அவ்வளவு விலை கொடுத்து வாங்குறோமே, விவசாயிக்கு என்ன போகுது?"

வாங்கும் விலையில் ஒரு பகுதிதான். தோட்டத்திலிருந்து கடை வரை எத்தனை கை மாறுகிறது என்று பாருங்கள். பறிப்பதும் சுமப்பதும் பெரும்பாலும் நேபாளத் தொழிலாளர்கள். ரோடு இல்லாத தோட்டமென்றால் முதுகில் கட்டித்தான் தூக்க வேண்டும். பிறகு தரம் பிரிப்பு, அட்டைப்பெட்டி, லாரி, மண்டிக் கமிஷன், ஏலம், டெல்லி ஆசாத்பூர் மண்டி, அங்கிருந்து தெற்கே மறுபடி லாரி. நடுவில் ஒரு மண்சரிவு வந்து ரோடு இரண்டு நாள் அடைத்தால் பழம் பெட்டிக்குள்ளேயே கனிந்துவிடும்.

விவசாயிகள் பல வருடம் புலம்பியது பெட்டியைப் பற்றி. அப்போது மண்டியில் விலை பெட்டிக் கணக்கு. 20 கிலோ பெட்டி என்பது பெயருக்கு. இரண்டு பாகமாக நீளும் பெட்டியில் 30 கிலோ வரை திணித்தால்தான் வியாபாரி எடுப்பார். கூடுதல் பழத்துக்குக் காசு கிடையாது. 2024இல் நீட்ட முடியாத ஒரே அளவுப் பெட்டியைக் கட்டாயமாக்கினார்கள். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இத்தனை வருடமா என்று ஆதங்கமாக இருந்தாலும், வந்தது நல்லது.

"உலகம் சூடாகுதே, ஆப்பிள் போயிடுமா?"

கீழ்த் தோட்டங்களில் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது. ராயல் டெலிஷியஸ் மாதிரி ரகங்களுக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே 1,000 மணி நேரத்துக்கு மேல் குளிர் வேண்டும். கிடைக்காவிட்டால் பூ ஒழுங்காகப் பூக்காது. குல்லுவின் தாழ்வான தோட்டங்களில் பலர் மாதுளைக்கும் பெர்சிமனுக்கும் மாறிவிட்டார்கள். ஆப்பிள் கின்னௌர், லாஹௌல், ஸ்பிதி என்று மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேல் ஏற நிலம் இல்லை என்பதுதான் கவலை. பிலாஸ்பூர் விவசாயி ஹரிமன் சர்மா, வெயில் தாங்கும் எச்ஆர்எம்என்-99 என்ற ரகத்தைக் கண்டெடுத்துப் பரப்பினார், 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. சமவெளிக்காரர்களுக்கு அது நல்ல செய்தி. மேல்மலைக்காரர்களின் தோட்டத்துக்கு அது பதிலாகாது.

"ஆப்பிளும் டூரிஸமும் இல்லாட்டி அந்த மாநிலம் எதை வச்சு ஓடுது?"

வீட்டிலிருக்கும் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். தயாரிப்பு முகவரியில் சோலன் மாவட்டம், பத்தி என்ற ஊர் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. 2003இல் மத்திய அரசு கொடுத்த வரிச்சலுகையால் பத்தி, பரோட்டிவாலா, நாலாகட் பகுதியில் மருந்து ஆலைகள் குவிந்தன. அது மலையடிவார சமதரை என்பதைக் கவனியுங்கள். ஆலை, சமதரை கிடைக்கும் இடத்தில்தான் வரும். மேலே போகப் போக வருமானம் என்பது அரசு வேலை, ராணுவ ஓய்வூதியம், தோட்டம், கொஞ்சம் ஹோம்ஸ்டே.

அப்புறம் தண்ணீர். சட்லஜில் நாத்பா ஜாக்ரி திட்டம் மட்டும் 1,500 மெகாவாட். ஜோகிந்தர்நகர் ஷானன் மின்நிலையம் 1932இலிருந்து ஓடுகிறது. மண்டி சமஸ்தானத்து ராஜா 99 வருடக் குத்தகைக்கு விட்ட நிலத்தில் கட்டியது. 2024இல் குத்தகை முடிந்து, இப்போது பஞ்சாபுக்கும் இமாச்சலுக்கும் வழக்கு.

"அவ்வளவு கரண்ட் விக்கிறாங்க, அப்புறம் ஏன் கடன்ல இருக்காங்க?"

மின்சாரம் விளைவது அங்கே என்றாலும், அதில் பெரும்பங்கு மத்திய நிறுவனங்களுக்கும் அண்டை மாநிலங்களுக்கும் போகிறது. மாநிலத்துக்குத் திட்டங்களிலிருந்து கிடைப்பது பொதுவாக 12 சதவீத இலவச மின்சாரம். பக்ரா அணையில் 7.19 சதவீதப் பங்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011இல்தான் தீர்ப்பளித்தது. அணை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது 1963இல்.

பக்ராவின் கோவிந்த் சாகர் ஏரிக்குள் பழைய பிலாஸ்பூர் நகரமே மூழ்கியது. கோடையில் தண்ணீர் இறங்கும்போது பழைய கோயில் கோபுரங்கள் சேற்றிலிருந்து தலை நீட்டும். போங் அணையால் வெளியேறிய 20,000க்கும் மேற்பட்ட குடும்பங்களில் பலருக்கு ராஜஸ்தான் பாலைவனத்தில் நிலம் ஒதுக்கினார்கள். ஆற்றங்கரை நெல் வயலைக் கொடுத்தவர்கள் அவர்கள். இன்னும் தீராத கணக்கு அது. பஞ்சாபும் ஹரியானாவும் ராஜஸ்தானும் செழித்ததற்கு மலைக்காரர்கள் கொடுத்த விலை இது என்பதை மறக்கக் கூடாது.

மறுபக்கம், மலையில் எதைச் செய்தாலும் செலவு கூடுதல். நாற்பது வீடு இருக்கும் ஊருக்கும் ரோடு, பள்ளி, மருந்தகம் வேண்டும். அதைச் செய்துதான் படிப்பறிவை 2011இல் 82.8 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள். கடனில் ஒரு பகுதி அப்படி வந்தது.

"அண்ணன் தம்பி எல்லாரும் ஒரே பெண்ணைக் கட்டிக்குவாங்களாமே, நிஜமா?"

கின்னௌரிலும், சிர்மௌர் மாவட்டத்தில் கிரி ஆற்றுக்கு அப்பால் இருக்கும் பகுதியிலும் அந்த வழக்கம் இருந்தது. இன்று அபூர்வம். விளையும் நிலம் துண்டு துண்டாக இருக்கும் இடத்தில், சகோதரர்கள் பிரிந்தால் யாருக்கும் பிழைக்க நிலம் மிஞ்சாது. ஒருவர் ஆட்டோடு மேலே போவார், ஒருவர் வியாபாரத்துக்குத் திபெத் பக்கம் போவார், ஒருவர் வயலைப் பார்ப்பார். குடும்பமும் நிலமும் உடையாமலிருக்க வந்த ஏற்பாடு. அதில் பெண்ணின் விருப்பத்துக்கு எவ்வளவு இடம் இருந்தது என்ற கேள்வி நியாயமானது, அங்குள்ள பெண்களே அதைக் கேட்கிறார்கள். சிரித்துக்கொண்டே கேட்கும் கேள்வியாக மட்டும் இதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

"ரிட்டயர் ஆனதும் அங்கே ஒரு சின்ன நிலம் வாங்கலாமா?"

நினைத்தபடி வாங்க முடியாது. 1972ஆம் வருடக் குத்தகை, நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 118ஆவது பிரிவு, இமாச்சலில் விவசாயியாக இல்லாத யாருக்கும் மாநில அரசின் அனுமதியில்லாமல் நிலத்தை விற்கக் கூடாது என்கிறது. வெளிமாநிலத்தவருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், தலைமுறையாகச் சிம்லாவில் கடை வைத்திருக்கும் குடும்பத்துக்கும் விவசாய நிலம் இல்லாவிட்டால் இதேதான். உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கித் தருகிறேன் என்று தரகர் சொன்னால் நம்ப வேண்டாம், பினாமி என்று தெரிந்தால் நிலம் அரசுக்குப் போய்விடும். எனக்கும் அங்கே ஒரு ஓரமாகக் குடியிருக்க ஆசை உண்டு. ஆனாலும் அந்தச் சட்டம் இருப்பது சரி என்றே சொல்வேன். அது இல்லாவிட்டால் பள்ளத்தாக்கு முழுவதும் டெல்லிக்காரர்களின் பூட்டிய வீடுகளாகியிருக்கும்.

"மூணுல ரெண்டு பங்கு காடுன்னு சொல்றாங்க, போட்டோல மொட்டை மலையா இருக்கே?"

இரண்டும் உண்மை. அரசுப் பதிவேட்டில் மூன்றில் இரண்டு பங்கு நிலம் காடு. உண்மையில் மரம் மூடிய பரப்பு சுமார் 28 சதவீதம். பனிமலை, பாறை, உயரத்துப் புல்வெளி எல்லாம் பதிவேட்டில் காட்டுக் கணக்கில் வருகின்றன. சுமார் 3,500 மீட்டருக்கு மேல் மரமே வளராது. எனவே மொட்டையாக இருப்பதெல்லாம் வெட்டியதால் என்று முடிவுகட்ட முடியாது. இதனால் வரும் சிக்கல் வேறு: ஒரு கிராமத்துக்குப் பள்ளிக்கூடம் கட்டவோ ரோடு போடவோ நிலம் தேடினால், பெரும்பாலும் அது காடு என்றே பதிவாகியிருக்கும்.

"வருஷா வருஷம் மலை சரியுதே, அது இயற்கைதானே?"

இளம் மலை, நொறுங்கும் பாறை, கொட்டும் மழை, அதனால் சரிவு எப்போதும் இருந்தது. இப்போது நடப்பதை இயற்கையின் தலையில் மட்டும் கட்ட முடியாது. 2023 பருவமழையில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜூலையில் பியாஸ் வெள்ளம் மணாலி நெடுஞ்சாலையைப் பல இடங்களில் அப்படியே கொண்டுபோனது. ஆகஸ்ட் 14 அன்று சிம்லா சம்மர் ஹில் பகுதியில் சிவன் கோயில் மேல் மலை விழுந்து 20 பேர். அதற்கு முன் 2021 ஆகஸ்டில் கின்னௌர் நிகுல்சரியில் ஓடும் பஸ் மேல் பாறைகள் விழுந்து 28 பேர் இறந்தார்கள்.

நால்வழிச் சாலைக்காக மலையைச் செங்குத்தாக வெட்டினால் மேலே இருக்கும் மண்ணுக்குப் பிடிப்பு போய்விடும். வெட்டிய மண்ணை ஆற்றில் தள்ளினால் ஆற்றின் படுகை உயரும். ஆற்றின் பழைய பாதையில் ஹோட்டல் கட்டினால், ஆறு ஒருநாள் தன் இடத்தைத் தேடி வரும். பியாஸ் கரையில் வயதானவர்கள் இதைப் பல வருடமாகச் சொல்லிவந்தார்கள். கின்னௌர் இளைஞர்கள் புது நீர்மின் திட்டங்களே வேண்டாம் என்று போராடுவதும் இதனால்தான். நாத்பா ஜாக்ரிக்குத் தண்ணீர் கொண்டுபோக மலைக்குள் குடைந்த சுரங்கம் மட்டும் 27 கிலோமீட்டர் நீளம்.

"சரி, எந்த மாசம் போறது நல்லது?"

ஜூலையிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை தவிர்த்துவிடுங்கள், காரணம் மேலே சொன்னதுதான். ஸ்பிதியில் மழை இல்லையே என்று கேட்பார்கள். அங்கே போகும் ரோடெல்லாம் மழை பெய்யும் மலை வழியாகத்தான் போகிறது. ஆப்பிள் பூ பார்க்க ஏப்ரல். ஸ்பிதிக்கு ஜூன், அல்லது செப்டம்பர் கடைசி. குல்லு தசரா அக்டோபரில், அப்போது வானமும் தெளிவாக இருக்கும்.

வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் போனால் 'கத்தி' என்ற இனத்து இடையர்களை ரோட்டில் பார்க்கலாம். குளிர்காலத்தைக் காங்ராவின் தாழ்வான காடுகளில் கழித்துவிட்டு, கோடையில் தௌலாதாரைத் தாண்டி லாஹௌல் வரை ஆடு ஓட்டிப் போகிறவர்கள். சோளா என்ற கம்பளி அங்கி, இடுப்பில் பல சுற்று சுற்றிய கறுப்புக் கம்பளிக் கயிறு. அதற்கு டோரா என்று பெயர். பிறந்து இரண்டு நாளான குட்டியை அங்கிக்குள் வயிற்றோடு சேர்த்துச் செருகியிருப்பார்கள், முகம் மட்டும் வெளியே தெரியும். நாய்களின் கழுத்தில் சிறுத்தை கவ்வாமலிருக்க முள் வைத்த இரும்புப் பட்டை இருக்கும். மந்தை எதிரே வந்தால் ஹாரன் அடிக்காதீர்கள், ஆடுகள் மிரண்டு பள்ளத்துப் பக்கம் ஓடும். வண்டியை மலை ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்துவிடுங்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் கடந்துபோய்விடும்.